முப்பத்தைந்து அங்குலம்

என் புருஷன் கர்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நல்லதுக்குத்தான் ஆரம்பிப்பான். பாதி வழியில் அது நாலு பேர் பார்த்து வாயைப் பிளப்பதற்காக என்று ஆகிவிடும். அந்த பிக்கப் விஷயமும் அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டி மாமனாருடையது. ஹால்வர் மாமா இடுப்பை முறித்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனபோது சாவியை கர்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன வசந்தத்தில் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கல்லறைக்கெல்லாம் பூ வைக்கிற நாள் வருதில்லடா. ஆல்மாவுக்கு என் கையால வைக்கணும். எவன் வேன்லயும் வேண்டாம். என் வண்டியில, முன் சீட்டுல உக்காந்து போகணும். அடுத்த வருஷம் இருப்பேனோ என்னவோ."

மாமியார் ஆல்மா படுத்திருப்பது மேட்டு நிலத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில். அங்கிருந்த தேவாலயம் எரிந்து எத்தனையோ காலமாகிறது. பாதை முழுக்கக் களிமண். மழை பெய்தால் செருப்பைக்கூடத் திருப்பித் தராது. முந்தின வருஷம் பிக்கப் பாதை நடுவே இருந்த மண்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்று, பக்கத்துப் பண்ணை டிராக்டர் வந்து இழுக்கிற வரைக்கும் மாமா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதனால் கர்ட் முதலில் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி, பின்பக்கத்தோடு சமமாக்கினான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனுஷன் அப்பாவுக்காகச் செய்கிறானே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

அடுத்து டயர். ரஸ்ஸின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரஸ் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"முப்பத்துமூணு அங்குலம் போடு கர்ட். எங்கயும் உரசாது. எதையும் வெட்ட வேண்டாம். இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கும்."

கர்ட்டின் கண் சுவரில் சாத்தியிருந்த கறுப்பு ரிம்மின் மேல் இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கச்சியைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"முப்பத்தஞ்சு போட்டா?"

"போடலாம். அந்த ரிம் வெளிய தள்ளி நிக்கும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர், கதவுக்குக் கீழ இருக்கற ஃபுட்போர்டு முனையில இடிக்கும். ஃபுட்போர்டைக் கழட்டிடணும். உள்ள பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் செதுக்கணும்."

"கழட்டு. அது கிழவன் வண்டி மாதிரிதான் இருக்கு."

"கிழவன் வண்டிதானே இது!" என்றேன். "கல்லறைக்குத்தானே போறோம், சந்திரனுக்கா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. சமமாக்கின வண்டிக்குச் சின்ன டயர் போட்டா, பெரியாள் சின்னப் பையன் ஷூ போட்ட மாதிரி இருக்கும். ஊரே சிரிக்கும்."

சனிக்கிழமை முழுக்க அங்கேயே கிடந்தார்கள். ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி ஒடித்துப் பார்த்தார்கள். ரிவர்ஸில் ஒடித்துப் பார்த்தார்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டு அளந்தார்கள். ரஸ் தரையில் படுத்து, "உரசல, உரசல" என்று கத்தினான். ஓர் இழை விடாமல் எல்லாவற்றையும் அளந்த அந்த இரண்டு பேருக்கும் மாமாவின் கால் எவ்வளவு உயரம் தூக்கும் என்று தோன்றவில்லை. வாய் கிழியப் பேசுகிற எனக்கும் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. மாமா காலையிலேயே சவரம் செய்துகொண்டு, நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு இல்லத்து வாசலில் காத்திருந்தார். பிடித்து நடக்கிற வாக்கரின் கூடையில் ஒரு காப்பி டப்பா, அது நிறைய ஊதா லைலாக் பூ.

"யார் வண்டிடா இது?"

"உங்களுதுதான்பா."

சுற்றிவந்து பார்த்தார். வாக்கர் காலால் டயரைத் தட்டினார். "அடேயப்பா! ஜோராத்தான்டா இருக்கு." கர்ட்டுக்கு முகமெல்லாம் பல்.

மாமா கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்க்காமலே, வருஷக்கணக்கான பழக்கத்தில் ஃபுட்போர்டு இருக்கும் இடத்தில் காலை வைத்தார். கால் காற்றில் இறங்கியது.

"படி எங்கடா?"

கர்ட் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான்.

இல்லத்துப் பணிப்பெண் மேவிஸ் உள்ளேயிருந்து ஒரு முக்காலி கொண்டு வந்தாள். அதன் மேல் ஏறினார். அப்போதும் சீட் அவர் இடுப்பளவுக்கு இருந்தது. முழங்காலைத் தூக்கினார். பாதி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தரம் தூக்கினார். நின்ற கால் மடங்கியது. நானும் மேவிஸும் பிடித்துக்கொண்டோம். முக்காலி உருண்டு வாக்கரில் மோத, டப்பா விழுந்து பூவெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறியது.

கர்ட் பின்னாலிருந்து அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்தான்.

"விடுடா! நான் என்ன கன்னுக்குட்டியா? மூச்சு இருக்கற வரைக்கும் எவனும் என்னைத் தூக்க வேண்டாம்."

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மேவிஸ் மெதுவாக, "இன்னிக்குப் போதும் ஹால்வர்" என்றாள்.

"உன் கார்ல போலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். எப்படிப் பொய் சொல்வது? ராத்திரி பெய்த மழைக்கு அந்தப் பாதை என் காரை முழுங்கிவிடும் என்றேன். தலையாட்டினார். பூவைப் பொறுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக நானே பொறுக்கி டப்பாவில் வைத்தேன்.

"நீ வெச்சுடும்மா. வரேன்னுதான் சொல்லியிருந்தேன் அவகிட்ட. கால் வரலைன்னு சொல்லு."

அந்தப் பாவி வண்டி மேட்டில் ஏறின ஏற்றத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சறுக்கல் இல்லை, ஓர் உரசல் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கேயாவது சிக்கித் தொலைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

நான் பூ வைத்தேன். மாமா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கர்ட் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

திரும்பும்போது, "சின்ன டயருக்கே மாத்திடறேன். படியையும் போட்டுடறேன்" என்றான். பழைய படிகள் ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தன. புதிதுக்குச் சொல்லிவைத்தான். வந்த பெட்டி பிரிக்காமலே கராஜில் கிடந்தது. எங்கள் வயலில் தீவனப் புல் அறுப்பு வந்தது, பிறகு கோதுமை அறுப்பு வந்தது. ஜூலையில் மாமா படுக்கையில் விழுந்தார். ஆகஸ்டில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முந்தின நாளும் மழை. சவ வண்டிக்காரர் கல்லறைப் பாதையின் முனையிலேயே நின்றுவிட்டார். "இதுக்கு மேல என் வண்டி போகாது கர்ட். சவப்பெட்டியை உன்னுதுல ஏத்திடலாம்."

பிக்கப்பின் பின்கதவைத் திறந்தார்கள். ஆண்களுக்கே மார்பளவு உயரம் இருந்தது. கர்ட்டும் ரஸ்ஸும் முன்னால், அண்டை வீட்டு நாலு பேர் பின்னால். ரஸ்தான் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

விடுடா என்று யாரும் கத்தவில்லை.