சட்டி வரிசை

மலைமேல் ஊருக்குச் சிமெண்டு ரோடு போடுகிற வேலை. மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று இன்ஜினியர் மேஸ்திரி தனசேகரனை நெருக்கிக்கொண்டிருந்தார்.

கலவை மிஷினிலிருந்து சட்டி கைமாறிப் போகும் வரிசையில் முதல் ஆள் எப்போதும் வேடியப்பன்தான். சட்டிக்கு ஒரு கேலி சொல்லி அனுப்புவார். மற்ற பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுப்பார்கள், அலுப்பே தெரியாது. ஆனால் அறுபதைத் தாண்டிய ஆள். இரண்டு நாளாக அவருக்கு மூச்சு வாங்கியது.

"வயசாயிப்போச்சிண்ணே. நீ நெழலாப் பாத்து நின்னுக்கினு, நேத்து போட்ட ரோட்டுக்குத் தண்ணி வுடு," என்றான் தனசேகரன், எல்லார் முன்னாலும். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

வேடியப்பன் தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் கேலியும் சிரிப்பும் நின்றுபோயின. மத்தியானம் வரை வழக்கத்தில் பாதி வேலைகூட நடக்கவில்லை.

தனசேகரன் தானே போய்க் கூப்பிட்டான். "வாண்ணே, நீ இல்லாம வேலையே நவுரல. சட்டி தூக்க வேணாம், சும்மா நின்னு பேசு, அது போதும்."

வேடியப்பன் வந்து, சட்டியையும் தூக்கினார்.

"இன்னா கொளஞ்சி, மாமியா வூட்டுக்கு விருந்துக்கு வந்தவ மாரி..."

அவர் முடிப்பதற்குள் பதினொரு பேரும் சிரித்துவிட்டார்கள். வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற கொளஞ்சியம்மாள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தாள்.

வேடியப்பன் சட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்லியே," என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சங்கராபுரம் பஸ் நிற்கும் வளைவை நோக்கி இறங்கி நடந்தார்.