பதினான்கு மில்லிமீட்டர்

எண்டோஸ்கோப்பி அறைக்குள் போவதற்கு முன்னால் தயாளன் தன் மனைவியிடம் ஒரு வாக்கு வாங்கினார். ஆஸ்பத்திரி உடுப்பின் முதுகு நாடாவைக் குமுதா கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"டாக்டர் என்னா சொல்றாரோ அத அப்படியே எங்கிட்ட சொல்லணும். கூட்டிக் கொறச்சு ஒண்ணும் வேணாம். சைஸ் சொன்னா சைஸ் சொல்லு."

"சரிங்க."

"ஸ்கூல்ல பேரண்ட்ஸ்கிட்ட பேசற மாரி பேசக்கூடாதுலா."

குமுதாவுக்குச் சுருக்கென்றது. டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அவள் ஆபீஸ் கிராணி. பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் பெற்றோருக்கு அவள்தான் போன் செய்வாள். மூன்று தையல் போட்டிருந்தாலும், சின்னக் கீறல்தான், பதறாமல் மெதுவாக வாருங்கள் என்பாள். அப்படிச் சொன்னதால்தான் எத்தனையோ பேர் சாலையில் விழாமல் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நீ போன் பண்ணினால் ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் காலியாகிவிடும் என்று தயாளன் கேலி செய்வார்.

அவருடைய வேலை அப்படி. பிறை ஊரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வைத்துப் பற்றவைத்த இடங்களைச் சோதிப்பவர். இரும்பின் மேல் பசையைத் தடவி, விரல் அளவுக் கருவியை அதன் மேல் நகர்த்தி, திரும்பி வரும் ஒலியைத் திரையில் பார்த்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கும் நீளம், ஆழம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத அந்த அறிக்கைப் பாரத்தில் இடமே கிடையாது.

அதனால்தான், டாக்டர் ஸுல்கிஃப்லி இந்தச் சோதனையைப் பற்றி முதலில் விளக்கியபோது, பயப்பட வேண்டிய மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலி. ஸ்கேனில் கணையத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அது என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வெளியே வயிற்றின் மேல் கருவியை வைத்தால் நடுவில் இருக்கும் காற்றும் கொழுப்பும் படத்தைக் கலைத்துவிடும் என்றார் டாக்டர். அதனால் நுனியில் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி வைத்த குழாயை வாய் வழியாக உள்ளே இறக்கி, இரைப்பைச் சுவரிலேயே ஒட்டிவைத்துப் பார்ப்பது. தேவைப்பட்டால் அதே குழாய் வழியாக ஊசி விட்டுத் துளி சதை எடுப்பது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எக்கோ தெளிவாக வரும், எங்களுக்கும் அதே கதைதான் என்று தயாளன் சொல்ல, இரண்டு பேரும் பத்து நிமிடம் அலைவரிசையைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். குமுதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று வாக்குக் கேட்டதற்கு வேறு காரணம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் தயாளனின் அண்ணன் கார்த்திகேசுவுக்கு ஈரலில் புற்று. நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று அண்ணனின் ஜெலுத்தோங் பிளாட்டில் சொந்தக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள். ஒரு சாயங்காலம் அண்ணன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, நீதான் திரையைப் படிக்கிறவன், என் உள்ளே என்ன இருக்கிறது, நீ சொல் என்றார். ஒன்றும் இல்லை அண்ணே, வெறும் புண்தான் என்றார் தயாளன். ஐந்து வாரத்தில் அண்ணன் போய்விட்டார். அதற்குப் பிறகு எப்போதாவது சோற்றில் கை வைத்தபடி, "என்னைய நம்பிட்டுப் போயிட்டாரு," என்பார். 

குமுதா நாடாவை முடிச்சுப் போட்டுவிட்டு முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தாள். அப்படியே சொல்கிறேன் என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கணையத்தின் நடுப்பகுதியில் ஒரு கட்டி. பதினான்கு மில்லிமீட்டர். ஓரம் வழவழப்பாக, தெளிவாக இருக்கிறது. ரத்தக்குழாய் எதிலும் ஒட்டவில்லை. கணைய நாளத்தில் அடைப்பு இல்லை. நாம் எல்லோரும் பயப்படும் அந்த மோசமான வகை மாதிரித் தெரியவில்லை, மெதுவாக வளரும் வேறு வகையாக இருக்கலாம், ஆனால் அதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஊசி வைத்து மூன்று முறை சதை எடுத்தாயிற்று, ஒரு வாரம் ஆகும். எப்படியும் அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருக்கும், எடுக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. இன்று நீங்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் கிளினிக்கில் நானும் அவருக்கு விளக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். அவருக்கு வலித்ததா என்று குமுதா கேட்டாள். குறட்டை விட்டார் என்று டாக்டர் சிரித்தார்.

எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தாளின் பின்பக்கத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மயக்கம் தெளியும் அறையில் அதிரா என்ற இளம் தாதி தயாளனின் விரலில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். இந்த மருந்து கொடுத்தால் சில மணி நேரத்துக்குக் கேட்டது எதுவும் மனதில் தங்காது, இன்று முழுக்க காடி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்றாள். கைப்பேசியும் கொடுக்காதீர்கள், போன வாரம் வயதான ஒரு மலாய்க்காரப் பாக்சிக் படுத்துக்கொண்டே இரண்டு குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டார் என்றாள். குமுதா சிரித்தாள்.

தயாளன் கண்ணைப் பாதி திறந்தார். குழாயைக் கடிக்காமலிருக்க வாயில் வைத்திருந்த வளையத்தின் தடம் உதட்டோரம் சிவந்திருந்தது. மதியத் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி இருந்தார்.

"என்னா சொன்னாரு?"

தாள் அவள் கையில்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லங்க. எல்லாம் நல்லாருக்கு."

அது தானாக வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவர் சிரித்தார். இரண்டு மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு. அது நிற்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து நன்றாகத் தெளிந்ததும் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம், எப்படியும் இது அவர் நினைவில் இருக்கப் போவதில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவர் மூக்குக் கண்ணாடி கேட்டார். கட்டில் கம்பியில் மாட்டியிருந்த பையைக் காட்டிவிட்டு, மருந்துக்குக் கையெழுத்துப் போட முகப்புக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கண்ணாடி போட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பேசி நெஞ்சின் மேல் கிடந்தது. மணி பார்த்திருப்பார் என்று நினைத்து எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி விழித்தார். முடிந்துவிட்டதா, என்ன சொன்னார் என்று புதிதாகக் கேட்டார். முன்பு சொன்ன பொய் அழிந்தே போயிருந்தது. குமுதாவுக்குத் தப்பித்த மாதிரி இருந்தது. தாளைப் பிரித்து எல்லாவற்றையும் படித்தாள். நடுநடுவே மூன்று தடவை, பயப்பட ஒன்றுமில்லை என்று சேர்த்துக்கொண்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கைத் தாண்டி அடுத்த கண்ணுக்குப் போனது. துளசியிடம் யார் சொல்வது என்று கேட்டார். ஜொகூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள். குமுதா துண்டால் துடைத்துவிட்டாள். அப்படியே தூங்கிப்போனார்.

கால் மணி நேரம். "ஆயிருச்சா? என்னா சொன்னாரு?"

குமுதா அதிராவைப் பார்த்தாள். அதிரா, நான் சொன்னேனே என்பது போல் கையை விரித்தாள். இன்னும் மயக்கம் என்று விட்டுவிடலாம். சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை வாக்கு மீறியாயிற்று. மறுபடி சொன்னாள். இந்த முறை அவருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பதினான்கா, யார் அளந்தது, எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை அளந்தார்கள், ஸ்கேனில் பன்னிரண்டுதானே, டாக்டரைக் கூப்பிடு என்று குழறினார். வெளியிலிருந்து பார்த்தது பன்னிரண்டு, பக்கத்தில் போய்ப் பார்த்தது பதினான்கு, நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னீர்கள் என்றாள். அது நியாயமாகப் பட்டது போல. முனகிக்கொண்டே அடங்கினார். அடங்கும்போது இந்த முறையும் துளசியிடம் யார் சொல்வது என்றுதான் கேட்டார்.

அவர் தூங்கிய பிறகுதான் குமுதா கவனித்தாள். இந்தத் தடவை அவள் தாளைப் பார்க்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் தெளிந்திருந்தது. மைலோ குடித்தார். பிஸ்கட் பிரித்துக் கொடுத்தாள். மணி என்ன என்று கேட்டபடி அவரே பைக்குள் கைவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினேழு செய்திகள். பிறையில் இருக்கும் மச்சினி மாலை போட்ட முருகன் படம் அனுப்பியிருந்தாள். ஒன்றுவிட்ட தம்பி கோகுலன், ஞாயிற்றுக்கிழமை மீன் தலைக்கறி என் செலவு என்று எழுதியிருந்தான். எதற்கு என்று புரியாமல் தயாளன் மேலே தள்ளிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய குரல் பதிவு ஒன்று இருந்தது. தொட்டார்.

"எல்லாரும்... கவலப்படாதீங்க. டாக்டர் பாத்துட்டாரு. ஒண்ணும் இல்ல. குமுதா சொல்லிட்டா."

கள் குடித்தவன் குரல் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். தயாளன் இன்னொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

மருந்து மயக்கத்தில் நீங்களாக உளறியிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும். அதிராவும் ஆமாம் என்பாள். குமுதாவுக்கு அது தோன்றத்தான் செய்தது.

"நாந்தாங்க அப்படிச் சொன்னேன்," என்றாள். "மொத தடவ."

"மொத தடவன்னா?"

சொன்னாள். மூன்று தடவை அவர் கேட்டது, முதல் தடவை அவள் பொய் சொன்னது, அவர் சிரித்தது, இரண்டாவது தடவை அழுதது, மூன்றாவது தடவை டாக்டரிடம் அளவுக்குச் சண்டை போடக் கிளம்பியது. பிறகு நான்காவது தடவையாக முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலையிடத்தில் கேட்பது போலக் கேட்டார். ஓரம் எப்படி. ரத்தக்குழாய். நாளம். எத்தனை ஊசி. ஒவ்வொன்றுக்கும் அவள் உடனே பதில் சொன்னாள். கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாக்குக் குடுத்துட்டு மீறிட்டேன்," என்றாள் குமுதா. "அந்தச் சிரிப்பப் பாத்தப்பறம் ஒடனே மாத்திச் சொல்ல நாக்கு வரலங்க."



"அண்ணங்கிட்ட நான் சொன்னத மாத்திச் சொல்லவே இல்ல," என்றார் அவர். "அஞ்சு வாரம் இருந்துச்சு. டெய்லி போயி பாத்தேன். நீ அர மணி நேரத்துல மாத்திட்ட."

குமுதா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்படி உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதிரா பார்த்தும் பார்க்காதது மாதிரித் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

கைப்பேசி அதிர்ந்தது. துளசி. சாப்பாட்டு நேரத்தில் குரல் பதிவைக் கேட்டிருப்பாள். தயாளன் கையை நீட்டினார். பெருவிரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. எதற்கும் தயங்காமல் அறிக்கை எழுதும் மனிதர், மகளின் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குமுதா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

துளசி சிரிப்பும் அழுகையுமாகப் பேசிக்கொண்டே போனாள். காலையிலிருந்து வேலையே ஓடவில்லையாம், அப்பா குரலைக் கேட்டதும் கழிப்பறைக்குள் போய் அழுதாளாம், அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு வருகிறாளாம். குமுதா அவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தாள்.

"துளசி, ஒக்காரும்மா. அப்பா மயக்கத்துல பேசுனது அது. நான் அவருகிட்ட தப்பாச் சொல்லிட்டேன், அத நம்பி அனுப்பிட்டாரு. இப்பச் சரியாச் சொல்றேன், கேளு. கணையத்துல ஒரு கட்டி இருக்கு. பதினாலு மில்லிமீட்டர். ஒரு வாரத்துல ரிசல்ட் வரும். ஆபரேஷன் செய்யணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேறு நாளாக இருந்தால் அந்த இடத்தில் குமுதா எதையாவது சொல்லி நிரப்பியிருப்பாள். இன்று கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஜொகூரில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு துளசி, அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டாள்.

"பக்கத்துலதான் இருக்காரு. பிஸ்கட் சாப்புடறாரு."

பிஸ்கட் அவர் கையில் உடையாமல் அப்படியே இருந்தது. ஓரம் தெளிவாக இருக்கிறது, நாளத்தில் அடைப்பு இல்லை என்று குமுதா மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தயாளன் அவள் முழங்கையைத் தொட்டார்.

"ரத்தக்குழாய்ல ஒட்டலன்னு சொல்லு. அத விட்டுட்ட."

குமுதா அதையும் சொன்னாள்.