பாவாத்தாள் வளர்த்த கிளி

வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னது நான்தான். தாராபுரத்தில் என் முன்னாள் மாமியார் பாவாத்தாள் கூண்டில் கிளி வளர்க்கிறாள், அது சட்டப்படி குற்றம், பஸ் ஸ்டாண்டிலிருந்து இப்படிப் போய் இப்படித் திரும்ப வேண்டும் என்று வழி முதற்கொண்டு சொன்னேன்.

ஒன்பது வருடம் அந்த வீட்டில் பிள்ளையில்லாமல் இருந்தேன். பத்தாவது வருடம் என்னைத் துரத்திவிட்டு, மகன் கதிரேசனுக்கு வேறு பெண் கட்டிவைத்தாள். அந்தப் புண்ணியவதி வந்த வேகத்தில் புருஷனைக் கூட்டிக்கொண்டு சரவணம்பட்டிக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டாள். கிழவிக்கு மிஞ்சியது கிளி மட்டும். அதையும் பிடுங்க வேண்டும் என்று எனக்கு வெறி.

பிடிபடும் கிளிகள் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். கோவைக்கு வெளியே ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். கூண்டு கழுவுவேன், கொய்யா நறுக்குவேன். நினைத்தபடியே அதை இங்கேதான் கொண்டுவந்தார்கள்.

முதல் நாள் தட்டோடு உள்ளே போனேன். என்னைக் கண்டதும், அப்படியே பாவாத்தாள் குரலில், “மலடி வந்துட்டா!” என்றது.

பாழாய்ப்போன கிளி, மறக்கவில்லை. பதிலுக்கு நாலு திட்டு திட்டவும் வழியில்லை.

“அன்புக்கா, கூண்டுக்குள்ள யாரும் வாயத் தொறக்கக் கூடாதுங்க” என்றார் காப்பகத்து மிருக டாக்டர் இல்மா. “மனுசக் குரலே அதுக்கு மறந்து போகோணும். வெளிய விட்டப்புறம் ஆளு கூப்பிட்டு எறங்கி வந்துச்சுன்னா, காலம் பூரா இங்க கூண்டுதானுங்க.”

எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தீனி போட்டேன். வெட்டிவிட்டிருந்த இறக்கை வளர்ந்தது. வசவு குறைந்து குறைந்து, சித்திரையில் சுத்தமாக நின்றது. அப்பாடா என்றிருந்தது.

திறந்துவிடும் நாளில் பாவாத்தாளை நானே வரச்சொன்னேன். அது திரும்பிப் பாராமல் போவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“சத்தம் போடாம நில்லுங்க அத்தை” என்றேன். தலையாட்டினாள்.

கதவைத் திறந்ததும் மற்ற கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்தன. இது மட்டும் எதிரே இருந்த வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டது. கிழவிக்குத் தாங்கவில்லை.

“கண்ணு! வாடா தங்கம், ஊட்டுக்குப் போலாம்!”

கிளி தலையைச் சாய்த்தது. ஒரு கிளை கீழே இறங்கியது. இன்னொரு கிளை. இறங்கிவிட்டால் இங்கேயே இருக்கும். இவள் வாராவாரம் வந்து கொஞ்சிவிட்டுப் போவாள்.

காலித் தட்டை எடுத்துக் கூண்டுக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கிளி விர்ரென்று எழும்பி மலைப்பக்கம் போயே போய்விட்டது.

“அம்மணி, என்ன காரியம் பண்ணிப்போட்ட?” ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவள் என்னை அம்மணி என்றதில்லை. “அத உட்டா எனக்கு வேற யாரு இருக்கா?”

“போன் பண்ணிப் புடிச்சுக் குடுத்ததும் நாந்தானுங்க அத்தை.”

அவள் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நெஞ்சு குளிர்ந்துதான் போனது. குனிந்து தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

“அழுவாதீங்க அத்தை. ஊட்டுல தனியா இருக்கறது மொதல்லதான் சிரமம். எனக்குப் பழகிருச்சு. உங்களுக்கும் பழகிருமுங்க.”