தருமன் போட்ட வலை

கோட்டைக்காரனை நம்பக்கூடாது. அவன் பேச்சை நமக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியை அதைவிட நம்பக்கூடாது. ஏரியில் நல்ல இறால் விழும் இடத்தைச் சுற்றித் துபாஷி கங்காதரன் கழி நட்டான். இனி இது கோட்டையிலிருக்கும் ஒல்லாந்துத் துரையின் சமையல்கட்டுக்கு என்றான். யாரைக் கேட்டு நட்டாய் என்று கேட்கப் போன குப்பத்து மாசிலாமணியைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே குப்பம் கூடிக் கட்டுப்பாடு போட்டது. மாசிலாமணியை விட வேண்டும். துரை கரைக்கு வந்து எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அதுவரை ஏரியில் வலை விழாது, கப்பலுக்குப் படகு போகாது. தருமனும் தலையாட்டினான். மனசாரத்தான் ஆட்டினான்.

சரக்கு இறங்காமல் கப்பல் கடலிலேயே நின்றது. கடைசியில் கோட்டை வழிக்கு வந்தது. காலையில் துரையே வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அங்கேதான் தருமனுக்குப் புத்தி கெட்டது. ஏரியில் வலை போடுவது முறைவைத்து. சீட்டு விழுந்தபடி வீட்டுக்கு ஒரு நாள். அந்த நாளை விட்டால் விட்டதுதான், சுற்றி வர மாசக்கணக்காகும். துரை வரும் அன்றைக்குத் தருமன் முறை. அதுவும் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்து இடம், மீன் கொட்டும். எல்லாம் தீர்ந்த மாதிரிதானே, ஒரு வலை போட்டால் யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தான். விடியும்போது வலை தண்ணீரில் கிடந்தது.

துரையின் படகு அந்த வழியாகத்தான் வந்தது. கங்காதரன் வலையைக் கைகாட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். துரை சிரித்தான். படகு வந்த வழியே திரும்பியது.

"நல்லா இருடா தருமா!" என்று கங்காதரன் கத்தினான். "நீ வந்துட்ட, மத்தவனுங்க வர எவ்ளோ நேரம் ஆவும்?"

வெகுநேரம் ஆகவில்லை. "அவன் மொறைய அவன் வுடல, எம்மொறைய நான் இன்னாத்துக்கு வுடணும்?" என்று அடுத்த நாள் முறைக்காரன் ஆதிகேசவன் வலையைத் தூக்கிக்கொண்டு போனான். கட்டுப்பாடு அதோடு போயிற்று. கப்பலுக்கும் படகு போனது. ஒருத்தரும் தருமனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே மாசிலாமணியின் பெண்சாதி முத்தம்மாள் கஞ்சிக் கலயத்தோடு தருமனிடம் வந்து நின்றாள்.

"கோட்டைக்குப் போவணும். ஆம்பளைங்க அல்லாரும் தொழிலுக்குப் பூட்டாங்க. நீதான் கீற. படகை எடுண்ணா."

கோட்டை வாசலில் காவல்காரன் தருமனைக் காட்டி, யார் இவன் என்றான்.

"எங்க ஆளு" என்றாள் முத்தம்மாள்.

தருமன் தரையைப் பார்த்தான். அவளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

திரும்பும்போது பாதி ஏரி தாண்டியதும் சொன்னாள்.

"கட்டுப்பாடு நிக்குதானு கேட்டாரு."

படகு தள்ளிய கழி தருமனின் கையில் நின்றது. "நீ இன்னா சொன்ன?"

"நிக்குதுன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்ற? ஒன்னாலதான் போச்சுன்னு சொன்னா, அந்தக் கஞ்சி உள்ள எறங்குமா?"

குப்பம் நேர் எதிரே தெரிந்தது. முகத்துவாரத்துப் பக்கம் ஆதிகேசவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான். தருமன் படகை அந்தப் பக்கம் திருப்பினான்.

"எங்க போற?"

"வலைய எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"நீயா? காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்."

படகு கிட்டே போனது. ஆதிகேசவன் நிமிர்ந்து, வருவது யார் என்று பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வலையை இழுத்தான்.