கமலாட்சி வாயில் வரும் பத்துப் பாட்டு

இன்சீன் ஊரில் ரயில்வே லைனில் குடியிருக்கும் கமலாட்சியின் வாயிலிருந்து, போன சித்திரை முதல், தினமும் மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போனதும் நாலு ஆண்கள் ஸ்பானிய மொழியில் ராக் பாடுகிறார்கள். கிதார், டிரம்ஸ் எல்லாம் சேர்த்துத்தான். பத்துப் பாட்டு, நாற்பத்தொரு நிமிஷம். அவள் மகன் கார்த்திகேசன் நடைபாதைக் கடையில் வாங்கிய சிடி அது. ஒரு வார்த்தை புரியாமலே இரண்டு வருஷம் அதையே போட்டுக் கேட்டான். அவளுக்குக் காது புளித்துப் போயிற்று. பிறகு பட்டாளத்துக்குக் கட்டாயமாய் ஆளெடுக்க வார்டு ஆபீஸில் போட்ட குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது, கூட்டிப் போனார்கள். இரண்டு தடவை போன் வந்தது. அப்புறம் ஒன்பது மாதம் சத்தமே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் அவள் சிடியைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டினாள். மறுநாள் பாட்டு தொண்டைக்கு வந்துவிட்டது.

கோயில் பூசாரி அப்பாசாமி வேப்பிலையும் கையுமாக ஓடிவந்தார். பெண்பிள்ளை புரியாத பாஷையில், அதுவும் ஆண் குரலில் கத்தினால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, “யாரு வந்திருக்கிறது? சொல்லு தாயி!” என்றார். பதிலுக்கு டிரம்ஸ் அதிர்ந்தது. சாமியுமில்லை பூதமுமில்லை, மகனுடைய சிடி என்று சொல்ல அவள் தவியாய்த் தவித்தாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு விநாடிதான் வாய் அவளுடையது. “என் பையன்...” என்பதற்குள் அடுத்த பாட்டு ஏறிவிட்டது. அவ்வளவு போதாதா? பையன்களைப் பற்றி வாக்குச் சொல்லும் சாமி என்று ஊர் முடிவு கட்டியது. நாற்பத்தொரு நிமிஷம் முடிந்து அவள் எடுத்துச் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டாளத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார், நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறி வர ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் வெறும் பாட்டுத்தான். பிறகு அந்த இடைவெளிகளில் வேறு சத்தம் வந்தது. ஷ்வேப்யிதாவிலிருந்து வந்த ராஜகுமாரி என்பவள் மூன்றாம் பாட்டுக்குப் பின் ஓர் இருமலைக் கேட்டு, “என் ஜேம்ஸ்!” என்று தரையில் விழுந்து அழுதாள். இன்னொருத்திக்கு மகனின் கொட்டாவி. மாவ்பியிலிருந்து வந்த பவானிக்கு மட்டும் மழையில் தவளை கத்தும் சத்தம் கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாசாமியும் சொல்லவில்லை; அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள், பிறகு வரவில்லை.

பத்துப் பாட்டுக்கு ஒன்பது இடைவெளி. தினமும் ஒன்பது பிள்ளைகள் கமலாட்சியின் தொண்டையில் இருமினார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். கார்த்திகேசன் ஒரு நாளும் வரவில்லை. பெற்றவள் வாயில் துணியை அடைத்துப் பார்த்தாள். பாட்டு மூக்கு வழியாக வந்தது. அவளுக்குச் சொந்தமாயிருந்த இரண்டு விநாடியும் போய்விட்டது.

ஆடியில் ஒரு நாள், கரண்ட் போகச் சற்று முன்பு, ராஜகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாதீங்கக்கா. எங்களுக்கு ரெண்டு விநாடி. பாட்டு முழுக்க உங்க மகன்தானே?”

அது அவன் இல்லை, யாரோ நாலு பேர், அவன் குரலே எனக்கு மறந்துகொண்டு வருகிறது என்று சொல்லக் கமலாட்சி வாயைத் திறந்தாள். மணி ஒன்று. மின்விசிறி நின்றது, முதல் பாட்டு ஆரம்பித்தது.