சின்னவள் பார்த்த நெஞ்சுப் படம்

எங்கள் மாமியாருக்கு டாக்டர் மருமகள்கள் இரண்டு பேர். ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வது சின்னவளைப் பற்றி மட்டும்தான். நானும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே இருட்டறையில் எக்ஸ்ரே படம் பார்க்கிறவர்கள். அவளுக்கு நான் சீனியர். இருந்து என்ன பிரயோஜனம்!

இருமல் நிற்காததால் நேற்று அத்தைக்கு நெஞ்சுப் படம் எடுத்தோம். "சின்னவளே பாக்கட்டும்," என்றார், என் முகத்துக்கு நேராகவே. அவளும் பார்த்துவிட்டு, பழைய விலா எலும்பு முறிவின் தடம்தான், வேறு ஒன்றுமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தப் படத்தையும் இரண்டாவதாக ஒருவர் பார்க்க வேண்டும். சின்னவள் எழுதியது என்றால் நான் வேண்டுமென்றே நோண்டுவேன். புதிதாக வந்த மென்பொருள் அதற்கு ஆப்பு வைத்துவிட்டது. நோயாளி யார், முதலில் பார்த்தது யார், என்ன எழுதினார், எல்லாவற்றையும் மறைத்துவிடும். என் முடிவை நான் பதிந்த பிறகுதான் திறந்து காட்டும். ஒரு கோளாறு கிடைத்ததும் கண் மேலே தேடுவதை நிறுத்திவிடுமாம். அதனால் 'வேறு என்ன?' என்று ஒரு கேள்வி வேறு.

இன்று ஒரு படத்தில் பழைய விலா முறிவு. குறித்தேன். 'வேறு என்ன?' என்றது. சனியனே என்று திட்டிக்கொண்டே மறுபடி பார்த்தேன். காறை எலும்புக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி; கட்டியாக இருக்கலாம். குறித்துப் பதிந்தேன்.

திரை திறந்தது. மென்பொருளும் தன் பங்குக்குப் படத்தை அலசி அதே இடத்தில் வட்டம் போட்டிருந்தது. முதலில் பார்த்தவர் சின்னவள். விலாவை மட்டும் எழுதியிருந்தாள்.

"மாட்டினியா!" என்று கத்தியேவிட்டேன். அப்புறம்தான் நோயாளியின் பெயரைப் பார்த்தேன். அத்தை.

வீட்டுக்கு ஓடி, அத்தையிடம் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன்.

"சின்னவதான் ஒண்ணுமில்லன்னுட்டாளே. அவமேல உனக்குப் பொறாமை. எனக்குத் தெரியாதா?"

இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பெயர் தெரியாமல்தான் பார்த்தேன் என்று தலைகீழாக நின்றும் அவர் அசையவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சமையலறையில் சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். "நான் விட்டுட்டேன்னு நானே சொல்லிடறேன், அக்கா."

"சொன்னா, நான் மிரட்டிச் சொல்ல வச்சேன்பாங்க. நீயே மறுபடி பாத்துக் கண்டுபிடிச்சதா சொல்லு. போ."

போனாள். கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "பாத்தியா, என் சின்னவ கண்ணுக்கு எதுவும் தப்பாது! எப்ப போகணும்?"

வயிறு எரிய எரிய, ஸ்கேன் அறைக்குப் போன் போட்டு அன்றைக்கே நேரம் வாங்கினேன்.