லெவாசாவின் இறுதிச் சடங்குக்கு வந்த ஐம்பது பேர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: மெலேசாலா, மகன் செஃபோ, மருமகள் தாலா, அவள் மடியில் கைக்குழந்தை இயோவானே, ஊர்ச்சபையில் குடும்பத்துக்காகப் பேசும் புனி. மகள் பெனினா தீவுநாட்டின் தலைநகர் ஆப்பியாவிலிருந்து போனில் இருந்தாள். மெலேசாலாவின் கணவர், குடும்பத்தலைவர் லெவாசா, அங்கே பிணவறையில் இருந்தார்.

"அம்மா, எத்தனை பேர் வருவாங்க? சரியாச் சொல்லு" என்றாள் பெனினா.

"அப்பன் சாவுக்கே தலை எண்ணுறியா?"

"அதான் என் வேலைம்மா. எந்த ஊர்ல எவ்வளவு கூட்டம் கூடும், அங்கேருந்து தட்டம்மை எப்படிப் பரவும்னு கணினியில கணக்குப் போடுறோம். நம்ம மாவட்டத்துக்கு ஊசி போட ஒரே ஒரு குழுதான் இருக்கு. எந்த ஊர்ல ஆபத்து அதிகம்னு கணக்கு காட்டுதோ, அங்கதான் முதல்ல போகும்."

"கூட்டம் பெருசுன்னா?"

"நூறைத் தாண்டினா சடங்கையே நிறுத்திடுவாங்க."

புனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நூறா? லெவாசா வீட்டுல விருந்துக்குப் பன்னி சுடுறவங்களே நூறு பேர் தேறுவாங்களே!"

இறந்தவருக்கு மரியாதையாகக் கையால் நெய்த பாய்களோடு வரும் உறவுகளை வாசலில் திருப்பி அனுப்பினால் லெவாசா என்ற பெயர் என்ன ஆகும்? மெலேசாலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐம்பது. எழுதிக்க."

"அம்மா..."

"உங்கம்மா பொய் சொல்றான்னு சொல்றியா?"

போனில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "இல்லம்மா. எழுதிட்டேன்."

பேருந்து பேருந்தாக ஜனம் வந்து இறங்கியது. வாசல் கொள்ளாமல் பாய்கள் குவிந்தன. லெவாசாவுக்கு நடந்ததுபோல் யாருக்கும் சடங்கு நடந்ததில்லை என்று தீவே பேசியது. கணக்கில் அவர்கள் ஊர் கடைசி வரிசைக்குப் போயிருந்தது. ஊசிக் குழு எதிர்க்கரைக்குப் போயிற்று. குழு இங்கே வந்து சேர்ந்தபோது ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். இயோவானேவுக்கு உடம்பெல்லாம் சிவந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

இயோவானேயின் சடங்குக்கு யாரும் வரவில்லை. கூட்டம் கூடத் தடை அமலுக்கு வந்திருந்தது. லெவாசாவுக்கு வந்த பாய்களிலேயே உயர்ந்ததை எடுத்து, அந்தச் சின்னப் பெட்டியின் மேல் மெலேசாலா போர்த்தினாள். பாய் நாலு பக்கமும் தரையில் புரண்டது. தாலா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பிறகு ஒருநாள் புனி வந்து, தலை குனிந்தபடி சொன்னார்: "ஊருல ஒரு பேச்சு இருக்கு. வீட்டு மானத்துக்காகப் பெனினாதான் ஆளைக் குறைச்சு எழுதிட்டாளாம்."

"நீங்களும் இங்கதானே இருந்தீங்க?" என்றாள் மெலேசாலா.

அவர் கிளம்பத் திரும்பினார்.

"போய்ச் சபையில சொல்லுங்க. பெனினா குறைக்கலை. ஐம்பதுன்னு சொன்னது நான்."